காரை விக்கேக்க பாஸ்வேர்டையும் குடுங்கோ

கராஜுக்குள்ள நிக்கிற பழைய கார்களைப் பற்றிக் கதைச்ச எபிசோட்டுக்குப் பிறகு வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அண்ணா, மொடிஃபை பண்ணின ஸ்போர்ட்ஸ் கார், நாலு வருசமா அசையேல்ல. ஓடப்பண்ணி வித்தா என்ன வரும்?" ஷொமெடேயில இருந்து ஒருத்தர் கார் வாங்கின காசு, பிறகு போட்ட பாட்ஸ், கூலி எல்லாத்தையும் எக்செல்ல கூட்டி, கடைசி வரியில தன்ர விலையையும் போட்டே அனுப்பியிருந்தார். அந்த விலைக்கு அவர் விக்கப்போறதில்லை. ஏன் எண்டு கீழ சொல்லுறன். ஆனா விலைக்கு முதல் வேற ஒரு விசயம் கதைக்க வேணும்.

மொடிஃபை பண்ணின கார் கைமாறேக்க, அந்த எஞ்சினை ஓட்டுற ட்யூன் ஃபைலும் பூட்டில்லாமல் சேர்ந்து கைமாற வேணும். ஈசியூவுக்குப் பாஸ்வேர்ட் போட்டு வைச்சபடி காரை விக்கிறது, என்னைப் பொறுத்தவரை, ஒரு திறப்பை வீட்டில ஒளிச்சு வைச்சிட்டு விக்கிற மாதிரி. ட்யூனிங் செய்யிற சிநேகிதர்கள் இதுக்குக் கோவிப்பினம். கோவிக்கட்டும்.

உதாரணத்துக்கு நிசான் 240 எஸ்எக்ஸை எடுப்பம். 1989 மாடலில இருந்து 1998 வரை வட அமெரிக்காவில வித்த கார். பின்சில்லு இழுவை, பாரம் குறைவு, பழசாப் போன பிறகு மாணவர்களுக்கும் கட்டுப்படியான விலை. குறை எஞ்சின்தான். இங்க வந்தது டர்போ இல்லாத 2.4 லீற்றர் எஞ்சின், ஓடும், ஆனா ஆசை தீராது. ஜப்பானில இதே உடம்பு சில்வியா எண்ட பெயரில, எஸ்ஆர்20 எண்ட 2 லீற்றர் டர்போ எஞ்சினோட வித்தது. அதனால இங்கத்தைப் பெடியள் அந்த எஞ்சினை ஜப்பானில இருந்து இறக்கி மாத்திப் போட்டாங்கள். பிறகு கலியாணம், பிள்ளை, வீட்டு மோட்கேஜ். கார் போர்வைக்குக் கீழ போயிட்டுது.

இப்ப அதை எழுப்ப வேணும். புதுப் பற்றரியைக் கொழுவி, "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம்" எண்டு திறப்பைத் திருப்புறதுதான் எங்கட ஆக்கள் செய்யிற முதல் வேலை. தயவு செய்து செய்யாதேங்கோ. தாங்கிக்குள்ள இருக்கிறது பெற்றோல் எண்டு நீங்கள் நினைக்கிறீங்கள். எத்தனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை இழுக்கும். வருசக்கணக்கா நிண்டா அடியில தண்ணியும் பிசினும்தான் மிச்சம். அந்தப் பிசின் இன்ஜெக்டருக்குள்ள போனா நாலில ஒண்டு அரைகுறையா அடைபடும். சும்மா நிண்டு ஓடேக்க தெரியாது. டர்போ காத்தைத் தள்ளத் தொடங்கின நேரம், அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் எரிபொருள் காணாமல், சூடு ஏறி, பிஸ்டன் போகும். அதனால தாங்கியை வடிச்சு, ஃபில்டரை மாத்தி, இன்ஜெக்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணக் குடுத்து, நாலும் ஒரே அளவு விடுகுதா எண்டு அளந்து வாங்குங்கோ.

பிறகு எஞ்சின். ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் கொஞ்சம் ஒயில் விட்டு, ஒரு இரவு விடுங்கோ. அடுத்த நாள் ஸ்டார்ட்டரைத் தொடாமல், முன்னால கிராங்க் பொல்ட்டில சாவியைப் போட்டுக் கையால சுத்துங்கோ. இறுகினால் கைக்குத் தெரியும். ஸ்டார்ட்டருக்குத் தெரியாது, அது உடைச்சுக்கொண்டு போகும். கையால சுத்துப்பட்ட பிறகு, பெற்றோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இக்னிஷனையும் துண்டிச்சு, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரில சுத்தி ஒயில் பிரஷர் வருதா எண்டு பாருங்கோ. ஒயில் மேல ஏறமுதல் எஞ்சினைப் பத்த வைச்சா டர்போவின் பெயரிங் காய்ஞ்சபடி சுத்தும். எஸ்ஆர்20இல டைமிங் பெல்ட் இல்லை, செயின். அந்த ஒரு செலவு மிச்சம். பிரேக் ஒயிலும் ஈரம் குடிக்கிற சாமான்தான், முழுக்க மாத்த வேணும். ரயரின் பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும்: 2314 எண்டா 2014ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில செய்தது. பூ எவ்வளவு ஆழமா இருந்தாலும் அந்த ரயரில பதினைஞ்சில ஏறாதேங்கோ. காத்து ஃபில்டர் பெட்டியைத் திறக்கேக்க எலி பாயலாம், சொல்லிப்போட்டன்.

இவ்வளவும் செய்ய ரெண்டு சனி ஞாயிறு காணும். காசு தின்னப்போறது கறள். கியூபெக் றோட்டில போடுற உப்பு இந்தக் கார்களைக் கீழ இருந்து தின்னும். 240இல முன் சஸ்பென்சன் வந்து பொருந்துற கோபுரம், பின்சில்லுக்கு உள்பக்கம், அடிச்சட்டம், இந்த மூண்டு இடத்தையும் முதல் பாருங்கோ. மேல பெயின்ட் பளபளக்கும், கீழ ஸ்க்ரூட்ரைவரால குத்தினா மற்றப் பக்கத்தால வரும். அதை வெட்டி எடுத்து புதுத் தகடு வைச்சு வெல்ட் பண்ண வேணும். புட்டி பூசி மறைக்கிறவனுக்கு நான் வேற பெயர் வைச்சிருக்கிறன், இங்க எழுத ஏலாது.

சரி, கார் ஓடுது. இனித்தான் நான் சொல்ல வந்த இடம்.

ட்யூன் எண்டுறது என்ன? ஒரு பெரிய அட்டவணை. ஒரு பக்கம் எஞ்சின் சுத்துற வேகம், மற்றப் பக்கம் உள்ள போற காத்தின் அழுத்தம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு எண்: இந்த வேகத்தில, இந்த அழுத்தத்தில, இவ்வளவு பெற்றோல் விடு. பக்கத்தில இன்னொரு அட்டவணை, எப்ப பொறி தட்ட வேணும் எண்டதுக்கு. அந்த எண்கள் எல்லாம் அந்தக் காரில இருக்கிற இன்ஜெக்டருக்கும் டர்போவுக்கும் அளந்து எழுதினது. எஸ்ஆர்20இன் ஒரிஜினல் இன்ஜெக்டர் நிமிசத்துக்கு 370 சிசி விடும். பவர் கூட்டுறவங்கள் 550, 740 எண்டு பெருசாப் போடுவாங்கள். இன்ஜெக்டரை மாத்தி அட்டவணையை மாத்தாட்டி எஞ்சின் ஒண்டில் மூழ்கும், இல்லாட்டி எரியும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியனுக்கு நடந்தது இது. ஓடுற கார், நல்ல கார், நேர்மையான ஆளிட்டத்தான் வாங்கினவன். ரெண்டாவது வருசம் ஒரு இன்ஜெக்டர் போயிட்டுது. அதே சைஸ், அதே கொம்பனி இப்ப செய்யிறதில்லை. வேற செட் போட வேணும், அட்டவணையில நாலு எண் மாத்த வேணும், ஒரு மணித்தியால வேலை. லப்டொப்பைக் கொழுவினா பாஸ்வேர்ட் கேக்குது. வித்தவருக்குத் தெரியாது, ட்யூன் பண்ணின கடை கேட்டுப் போட்டது. அந்தக் கடை மூடி, ஆளும் ஊர் மாறிப் போயிட்டார். கடைசியில என்ன செய்தவன்? ஓடிக்கொண்டிருந்த ஈசியூவைக் கழட்டி எறிஞ்சு, புது ஈசியூ வாங்கி, வயரிங் மாத்தி, டைனோவில ஏத்தி, முதல்ல இருந்து ட்யூன். எஞ்சினில ஒரு பிழையும் இல்லை. ஒரு சொல் தெரியாததுக்காக ஆயிரக்கணக்கில காசு.

ட்யூனர்கள் சொல்லுற நியாயம் எனக்கு விளங்குது. டைனோவில நாள் முழுக்க நிண்டு செய்த வேலையை இன்னொருத்தன் கொப்பி பண்ணி வித்தா? இல்லாட்டி வாங்கினவன் தானா நோண்டி எஞ்சினை வெடிக்க வைச்சிட்டு, "இவர்தான் ட்யூன் பண்ணினவர்" எண்டு பேரைக் கெடுத்தா? ரெண்டாவது பயத்துக்கு மருந்து சுலபம்: நீங்கள் குடுத்த ஃபைலின்ர கொப்பியைத் திகதி போட்டு வைச்சிருங்கோ, யார் என்ன மாத்தினது எண்டு ஒப்பிட்டுப் பாத்தாத் தெரியும். முதல் பயத்தை நான் பெருசா எடுக்கேல்ல. ஒரு காருக்கு அளந்து தைச்ச சட்டை அது. வேற டர்போ, வேற கம்ஷாஃப்ட் இருக்கிற காரில அதை அப்பிடியே போட்டா ஆருக்கும் லாபம் இல்லை. அதோட, டைனோ நாளுக்கான காசைக் கார்க்காரன் குடுத்திட்டான். தையல்காரன் சட்டையை வித்த பிறகு பொத்தானுக்குப் பூட்டுப் போடேலாது.

எங்கட வீட்டுப் பெரியாக்களிட்ட ஒருக்கா ஏ-40 பற்றிக் கேட்டுப் பாருங்கோ. ஓஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர், இதெல்லாம் 1950களின் பிரிட்டிஷ் கார்கள். யாழ்ப்பாணத்தில வாடகைக் காரா, கலியாணக் காரா தலைமுறை தாண்டி ஓடினது. 90களின் பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் வடக்குக்குள்ள வர விடேல்ல. அப்ப எங்கட ஆக்கள் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி எஞ்சினைப் பத்த வைச்சு, சூடேறின கையோட மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினவை. மண்ணெண்ணெய் குளிரில ஆவியாகாது, அதனால பத்தாது. எஞ்சின் சூடானா ஆவியாகும், எரியும். பழைய எஞ்சின்களின் அமுக்கமும் குறைவு, அதனால தாங்கினது. புகை, நாத்தம், இழுவை இல்லை, ஆனா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. சிநேகிதர்களோட கதைக்கேக்க "எங்கட ஆக்களுக்கு கார் கல்ச்சர் ஸ்காபரோவிலதான் தொடங்கினது" எண்டு ஆராவது சொன்னா எனக்கு இதுதான் ஞாபகம் வரும். எரிபொருளையே மாத்தி எஞ்சின் ஓட்டினவங்களை விட பெரிய மொடிஃபிகேஷன் காரர் ஆர்?

அந்தக் காருகள் ஏன் அவ்வளவு காலம் தப்பினது? இரும்பு நல்லது எண்டு சொல்லுவினம், அது பாதிக் கதை. அந்தக் காபரேட்டரைத் திறந்து பாக்கிற எவனுக்கும் முன்னால் ஆள் என்ன செய்தவர் எண்டு கண்ணுக்குத் தெரியும். குழாய் எங்க இருந்து எங்க போகுது, எந்த ஜெட் மாத்தினது, எல்லாம் வெளியில. சந்தி மெக்கானிக் செத்துப் போனாலும் அடுத்த சந்தி மெக்கானிக் விட்ட இடத்தில தொடங்கலாம். எங்கட 240இல அதே அறிவு ஒரு ஃபைலுக்குள்ள இருக்கு, அதுக்கு மேல ஒரு பூட்டு. ஏ-40ஐ விட புத்திசாலியான கார், ஆனா முதல் ட்யூனரோட சேர்ந்து செத்துப்போற கார்.

இதில எனக்கு உண்மையிலயே எரிச்சல் வாற இடம் ஒண்டு இருக்கு. ஜோன் டியர் தன்ர ட்ராக்டரைப் பூட்டி விவசாயியைத் திருத்த விடாமல் வைச்சிருக்கு எண்டு இந்த நிகழ்ச்சியில நாங்கள் எத்தனை தரம் கத்தியிருப்பம்? நீங்களும் கைதட்டினீங்கள். கியூபெக் 2023 ஒக்டோபரில 29ஆம் இலக்கச் சட்டமூலத்தை நிறைவேற்றினது. வேணுமெண்டே கெதியாப் பழுதாகிற மாதிரிச் சாமான் செய்யிறதைத் தடுக்கிற சட்டம். கார்க் கொம்பனிகள் திருத்தத் தேவையான தரவைச் சொந்தக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் திறந்து விட வேணும் எண்டும் அதில இருக்கு. 2024 நவம்பரில ஒட்டாவாவும் சி-244 மூலம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினது: பிழை கண்டுபிடிக்க, பராமரிக்க, திருத்த எண்டால் டிஜிட்டல் பூட்டை உடைக்கலாம். பூட்டை உடைக்கலாம் எண்டு சொன்னாங்கள், உடைக்கிற கருவியை ஆரும் கையில தரேல்ல, அது வேற சண்டை. ஆனா நிசானும் டெஸ்லாவும் திறக்க வேணும் எண்டு கேக்கிற நாங்கள், எங்கட கையால ட்யூன் பண்ணின காரை நாங்களே பூட்டி விக்கிறது எந்த ஊர் நியாயம்?

புதுசா ஈசியூ போடப்போறவங்களுக்கு ஒரு வார்த்தை: மெகாஸ்குவேர்ட், ஸ்பீடுயீனோ, ரஸ்-ஈஎஃப்ஐ மாதிரித் திறந்த அமைப்புகளையும் ஒருக்கா பாருங்கோ. ஸ்பீடுயீனோவும் ரஸ்-ஈஎஃப்ஐயும் ஓப்பன் சோர்ஸ். மெகாஸ்குவேர்ட்டின் ட்யூன் ஃபைலைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில திறந்தே வாசிக்கலாம். பெரிய கொம்பனி ஈசியூ வேணுமெண்டால் அதுவும் சரி, ஆனா ட்யூனரிட்டக் காசு குடுக்க முதல் "முடிய ஃபைலைப் பூட்டில்லாமல் தருவீங்களோ?" எண்டு கேளுங்கோ. இல்லை எண்டால் அடுத்த கடை. இதை வேலை முடிஞ்ச பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை.

இனி விலை. ஷொமெடே அண்ணையின் எக்செலில இருக்கிற பிழை, பில்லுகளைக் கூட்டினது. மொடிஃபை பண்ணின கார் உங்கட ருசி. வாங்குறவன் தன்ர ருசிக்கு ஆள் தேடுறான். அதனால போட்ட காசு முழுக்கத் திரும்பி வராது. ஒரிஜினலாக் கிடக்கிற கார்தான் வருசம் போகப் போக அருமையாகுது, ஏனெண்டா மற்ற எல்லாத்தையும் நாங்கள் வெட்டி ஒட்டிப் போட்டம். கியூபெக்கில 25 வருசத்துக்கு மேற்பட்ட காருக்குக் கிடைக்கிற 'சி' பிளேட்டும் ஒரிஜினல் நிலையில வைச்சிருந்த, இல்லாட்டி அந்த நிலைக்குத் திருத்தின காருக்குத்தான். கழட்டின பாட்ஸை எறியாமல் வைச்சிருந்தா, பம்பரில இருந்து பழைய ஈசியூ வரை, அதுதான் உங்கட கராஜில இருக்கிற உண்மையான காசு.

"ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் சூப்ரா அஞ்சரை லட்சத்துக்குப் போனதே?" போனதுதான். போல் வோக்கர் 2001 படத்தில ஓட்டின ஒறேஞ்ச் கலர் சூப்ரா, 2021 ஜூனில லாஸ் வேகாசில பாரட்-ஜாக்சன் ஏலத்தில 550,000 அமெரிக்க டொலருக்கு வித்தது. காசு குடுத்தவன் ஸ்பொய்லருக்கோ ஸ்டிக்கருக்கோ குடுக்கேல்ல. இது அந்தப் படத்தில வந்த கார்தான் எண்டு நிறுவுற சான்றுக்குக் குடுத்தான். அதே கலரில அதே ஸ்டிக்கர் ஒட்டின சூப்ரா எத்தனையோ இருக்கு, அதுகளை ஆரும் திரும்பிப் பாக்கிறதில்லை. உங்கட காரை ஹொலிவூட் ஆக்கள் ஓட்டேல்ல, ஆனா பில்லு, டைனோ பேப்பர், வெல்ட் பண்ண முதல் எடுத்த கறள் படம், ட்யூன் ஃபைல் எல்லாம் உங்களிட்ட இருந்தா, வாங்க வாறவனின்ர பயம் குறையும். பயம் குறைஞ்ச அளவுக்கு விலை பேசுறதும் குறையும்.

ரொறன்ரோவில விக்கலாம் எண்டு நினைக்கிறவங்களுக்கு: ஒன்ராறியோவில வாங்குறவர் கார் ஓட்டப் பதியிறதுக்குச் சேஃப்டி சான்றிதழ் வேணும். கியூபெக்குக்குள்ளேயே தனியார் விற்பனையெண்டால் பொதுவா அப்பிடி ஒரு சோதனை இல்லை. அதே மாதிரி, ஜப்பானில இருந்து வந்த வலதுபக்க ஸ்டியரிங் கார் கனடாவுக்குள்ள வர 15 வருசம் காணும், கியூபெக்கில பதிய 25 வருசம் ஆக வேணும். அங்க மலிவாக் கிடைக்குது எண்டு காசைக் குடுத்திட்டு வந்து அழாதேங்கோ.

சோதனை இல்லை எண்டவுடன விக்கிறவருக்குச் சந்தோசம். ஆனா கியூபெக்கில வேற ஒண்டு இருக்கு. சிவில் கோடின் 1726ஆம் பிரிவுப்படி, தனி ஆளா வித்தாலும் மறைஞ்சு கிடக்கிற குறைக்கு விக்கிறவர் பொறுப்பு. அதைத்தான் 'வீஸ் காஷே' எண்டு சொல்லுறது. "உத்தரவாதம் இல்லை, வாங்குறவரின் சொந்தப் பொறுப்பில" எண்டு ஒப்பந்தத்தில எழுதலாம், வியாபாரி இல்லாத ஆளுக்குச் சட்டம் அதுக்கு இடம் விடுது. தெரிஞ்சு கொண்டே மறைச்சால் கதை மாறும். காரின் விலையோட நட்டத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டி வரலாம். அதனால ஒரு தாள் எடுத்து எழுதுங்கோ: எஞ்சின் மாத்தினது, எங்க வெல்ட் பண்ணினது, எந்த ஈசியூ, எந்த இன்ஜெக்டர், என்ன எனக்குத் தெரிஞ்சு சரியில்லை. ரெண்டு பேரும் கையெழுத்து. மாமாவின் சிநேகிதன், கோயிலில தெரிஞ்ச ஆள் எண்டு பாக்காதேங்கோ, தெரிஞ்ச ஆளோடதான் சண்டை பெருசா வரும்.

எங்கட ஆக்களுக்குள்ள இன்னொரு பழக்கம், தாளில பாதி விலை எழுதுறது. பதியேக்க வாங்குறவர் கட்டுற 9.975 வீத வரியைக் குறைக்கத்தான். அது சட்டப்படி பிழை, அதை விடுங்கோ, வாங்குறவருக்கே நட்டம். நாளைக்குக் கார் பிழைச்சு வழக்கு எண்டு போனா, தாளில எழுதின விலையைத்தான் அவரால திருப்பிக் கேக்க ஏலும். வாங்க முதல் கடன் ஏதும் காரில இருக்கா எண்டு ஆர்டிபிஆர்எம் பதிவில தேடிப் பாக்கிறதும் அவரின்ர வேலை, சில டொலர்தான்.

பெயர் மாத்திறது சாக்க்ளிக்கில செய்யலாம். ஓம், அதே சாக்க்ளிக்தான். 2023 பெப்ரவரி 20 தொடங்கி ஆக்களை நடுக்குளிரில லைனில நிக்க வைச்ச அமைப்பு, 2027க்குள்ள குறைஞ்சது 1.1 பில்லியன் டொலர் முடியும் எண்டு கணக்காய்வாளர் நாயகம் சொன்னது. அந்த எபிசோட் கேட்டிருப்பீங்கள். இப்ப ஓரளவுக்கு வேலை செய்யுது. சரி வராட்டி ரெண்டு பேரும் சேர்ந்து கவுண்டருக்குப் போங்கோ.

எப்ப விக்கிறது? டிசம்பர் 1 இல இருந்து மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம், இந்தக் காரை அப்ப ஆரும் றோட்டுக்கு எடுக்கிறதில்லை. நவம்பரில விளம்பரம் போட்டா, இடமில்லாமல் அவசரத்தில விக்கிறான் எண்டு வாங்குறவனுக்கு விளங்கும். பனிக்காலத்தில கராஜுக்குள்ள வேலையை முடிச்சு, ஏப்ரல் கடைசியில மழை உப்பைக் கழுவின பிறகு வெளியில எடுங்கோ. வீடியோ எடுக்கேக்க எஞ்சின் குளிரா இருக்கேக்க முதல் ஸ்டார்ட்டை வெட்டாமல் எடுங்கோ, அதைத்தான் விசயம் தெரிஞ்சவன் முதல் பாப்பான்.

காரைக் குடுக்கிற அண்டைக்கு வாங்கினவரின் லப்டொப்பில அந்த மென்பொருளைப் போட்டு, ஈசியூவைக் கொழுவி, ஃபைல் திறக்குதா எண்டு அவருக்கு முன்னால காட்டுங்கோ. சில பழைய ஈசியூக்களுக்கு விண்டோஸ் எக்ஸ்பி லப்டொப்பும் சீரியல் போர்ட்டும் வேணும். உங்களிட்ட அப்பிடி ஒண்டு கிடந்தா அதையும், அந்தக் கேபிளையும், காரோடயே குடுத்து விடுங்கோ.